அப்பா வரைந்த இரண்டு கோடுகள்

குதிகால், இடுப்பு, தோள், பின்மண்டை. இந்த நான்கும் சுவரில் பட வேண்டும். அது அப்பாவின் சட்டம்.

"மூச்ச இழுத்துப் புடிக்காத. சாதாரணமா நில்லு."

நான் சாதாரணமாக நின்றேன். அப்போதுதான் பாயிலிருந்து எழுந்திருந்தேன், பல்கூடத் துலக்கவில்லை. அப்பா சிமென்ட் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். புருவமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தை என் தலைமேல் படுக்க வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பொறுத்திருந்து, பென்சிலால் சுவரில் ஒரு கோடு இழுத்தார். சமையலறையில் அம்மா தாளித்த கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒரு கோடு. ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு. மேல ஏறியிருந்தா நீ தாராளமா போ. இதே எடத்துல நின்னாலும் போ. கீழ எறங்கியிருந்தா அதோட நிப்பாட்டிக்கணும். சரியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கீழ எப்படிப்பா எறங்கும்?"

"அதத்தான் பாப்போம்."

எனக்குப் பதின்மூன்று வயது. ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். வளர்கிற பெண் எங்கேயாவது குறைவாளா? ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நான் பளு தூக்கப் போகலாமா கூடாதா என்பதுதான் வழக்கு. வழக்கு முடிந்தது, தீர்ப்பு எனக்குச் சாதகம் என்ற தெம்பில் அன்று நாலு இட்லி கூடுதலாகத் தின்றேன்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் சைக்கிள் பழகிய கதையை எழுதப்போய், பள்ளிக்கூடத்தில் பளு தூக்கியதையும் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு வாசகி போனில் பேசினார். கணவர் வளைகுடாவில் இருக்கிறாராம். பையனுக்குப் பத்து முடிந்து பதினொன்று. ஜிம்முக்குப் போகிறேன் என்று தினமும் நச்சரிப்பாம்.

"அவங்க அத்தா அங்கேர்ந்து, வேணாம், வளத்தி நின்னு போயிடும்ங்கிறாங்க. நீங்க அனுபவப்பட்டவங்க, சொல்லுங்க. அனுப்பலாமா?"

நான் டாக்டர் இல்லை. பெரம்பலூரில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர், அவ்வளவுதான். கேட்டுத் தெரிந்துகொண்டதை அவரிடம் சொன்னேன். கற்றுக்கொடுக்கிறவர் விவரமானவராக இருக்க வேண்டும். பாரம் பிள்ளையின் அளவுக்கு இருக்க வேண்டும். முதலில் நிற்கவும் குனியவும் எழவும் பழக வேண்டும், எடை பிறகு. அப்படியானால் பயமில்லை, அதனால் உயரம் நின்றுவிடாது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். செல்போனில் எவனோ தூக்குவதைப் பார்த்துவிட்டுக் கூட்டாளியோடு போட்டி போட்டுத் தூக்கினால் முதுகு போய்விடும். அதற்குப் பத்து வயதும் ஒன்றுதான், முப்பது வயதும் ஒன்றுதான்.

அவர் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. இதே பதிலை எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் நம்பும்படி சொல்லியிருந்தால் என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை.

அமலன் மாஸ்டர்

சொல்லாமல் இல்லை. ஒருவர் சொன்னார். அவர் எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர், வரதராஜன்பேட்டைக்காரர், இளவயது. ஆண்பிள்ளைகளுக்குக் கபடியும் பெண்பிள்ளைகளுக்கு நிழலும் என்று நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தில், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்புக்கல் லாரிகளின் பழைய டயர்களை அறுத்துத் தரையில் பரப்பினார். இரும்பு கிடையாது. ஒரு மூங்கில் கழியைக் கையில் கொடுத்தார்.

தீபாவளி வரைக்கும் அந்தக் கழிதான். "முதுகு வளையுது", "முட்டிய உள்ள விடாத", "மறுபடி." இதைத் தவிர அவர் வேறு பேசி நான் கேட்டதில்லை. பிறகு கழியின் இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய பால்பவுடர் டின்கள். எங்கிருந்தோ ஒரு துருப்பிடித்த ராடையும் சில பிளேட்டுகளையும் அவர் கொண்டுவந்து சேர்த்தபோது தை பிறக்கப்போகிற நேரம்.

கையில் பூசிக்கொள்ள சாக்பீஸ் தூள். அறையெங்கும் துருவும் வெந்த பருப்பும் கலந்த வாசனை. ராடு தொடையை உரசி மேலே வந்து, ஒரு நொடி எடையே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். அந்த நொடிக்குள் நாம் அதற்கு அடியில் புகுந்துவிட வேண்டும். புகுந்து, எழுந்து, தலைக்கு மேல் கைகளைப் பூட்டி நிற்கும்போது உடம்பு மொத்தமும் ஒரே எலும்பாகிவிட்ட மாதிரி இருக்கும். படிப்பு, பாட்டு, கோலம் எதிலும் நான் இரண்டாம் வரிசைதான். அந்த அறையில் மட்டும் என்னை முதலில் கூப்பிடுவார்கள்.

வரப்போகிற கோடை விடுமுறையில் திருச்சியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாஸ்டர் சொன்னார். என்னையும் இன்னொரு பெண்ணையும் அனுப்ப வீட்டில் கையெழுத்து வேண்டும். அப்போதுதான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது.

கமலா அத்தை

என் அப்பாவை வில்லனாக்கி எழுத எனக்கு மனமில்லை. அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதன் பெயர் கமலா அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நல்ல நிறம், நல்ல சமையல், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். உயரம் குறைவு. ஜெயங்கொண்டத்திலிருந்தும் உடையார்பாளையத்திலிருந்தும் பெண் பார்க்க வருவார்கள். கேசரியைக் காலி செய்துவிட்டு, "பொண்ணு குணமாத்தான் இருக்கு, உசரந்தான்..." என்று இழுத்தபடி செருப்பை மாட்டுவார்கள். ஒரு அம்மாள் அத்தையை எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் தன் பன்னிரண்டு வயது மகளை நிறுத்திப் பார்த்தாளாம். அவர்கள் போனதும், கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று யாராவது ஆறுதல் சொல்வார்கள். "அந்தக் கடுகத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்பாராம் அத்தை.

இதையெல்லாம் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த அண்ணன்தான் என் அப்பா. அத்தைக்குத் தாமதமாகத்தான் கல்யாணம் நடந்தது. இன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட சந்தோஷமாக இருப்பது அவர்தான் என்பது வேறு கதை. ஆனால் அப்பாவின் நெஞ்சில் அந்தக் கேசரித் தட்டுகள் அப்படியே இருந்தன.

போதாக்குறைக்கு அவர் வேலை பார்த்த இடம் வேறு. ஆலையில் மூட்டை கட்டும் பகுதியில் எடை சரிபார்ப்பது அவர் பொறுப்பு. லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களைத்தான் நாள் முழுக்கப் பார்ப்பார். அவர்களில் பலர் குட்டை.

"சின்னதுலேர்ந்து பாரம் தூக்குனவன் எவன் வளந்திருக்கான், சொல்லு பாப்போம்" என்பார்.

அவர்கள் பாரம் தூக்கியதால் வளராமல் போனார்களா, வளர்கிற வயதில் சோறு பற்றாமல் போனார்களா என்று அந்த வீட்டில் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து பேசினார். அங்கேதான் எங்கள் கட்சி தோற்றது. ஏனென்றால் அமலன் மாஸ்டர் அப்பாவின் தோளுக்குத்தான் இருப்பார்.

"இதனால உசரம் கொறையாதுங்க சார். அது பரம்பரைங்க. சாப்பாடு, தூக்கம், அவ்ளோதான்."

அம்மா காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். "நீங்க எந்த வயசுலேர்ந்து தூக்குறீங்க சார்?"

மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "பதினொண்ணுலேர்ந்துங்க."

அம்மா "ஓகோ" என்றார். அந்த ஓகோவில் எல்லாம் அடங்கிவிட்டது.

"எங்கப்பா என்னைய விடக் குட்டைங்க" என்றார் மாஸ்டர் பாவமாக. யார் காதிலும் அது விழவில்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்து அப்பாவுக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். அதனால்தான் ஒரு மாதத் தவணை, அதனால்தான் சுவரில் அந்தக் கோடு.

இரண்டாவது கோடு

அந்த மாதம் அம்மா எனக்குத் தினம் முட்டை அவித்துக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குக் கூட்டிப்போய் பெருமாளிடமும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். நான் தூங்கும்போது காலை நீட்டியே தூங்கினேன்.

அளக்கும் நாளில் அப்பாவுக்கு முதல் ஷிப்ட். விடியுமுன்னே போய், மதியம் வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தார். நான் பள்ளி முடிந்து, பயிற்சியும் முடிந்து, வியர்வையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

"வா, நில்லு."

நின்றேன். நான்கும் சுவரில் பட்டன. ரசமட்டம் தலைமேல் உட்கார்ந்தது. பென்சில் கீச்சென்று இழுத்தது. நான் விலகித் திரும்பினேன்.

புதிய கோடு பழைய கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. ஆனால் கீழே.

அப்பா நம்பவில்லை. மறுபடி நிற்கச் சொன்னார். குமிழியைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். திரும்பவும் நிறுத்தினார். எத்தனை முறை அளந்தாலும் பென்சில் அந்த இரண்டாவது கோட்டின் மேலேயே வந்து விழுந்தது. என் அப்பா எதையும் ஏனோதானோவென்று செய்கிறவர் இல்லை. கொஞ்சம் கவனக்குறைவான மனிதராக இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, புள்ள கொறைஞ்சு போயிட்டாளே!"

அப்பா கோபப்படவில்லை. என் தலையில் கையை வைத்து, "போதும் செல்வி. இத்தோட விட்டுரும்மா" என்றார். நான் அழுதேன், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை. பேச என்ன இருந்தது? ஒப்பந்தம் என் சம்மதத்தோடு போட்டது. கோடு என் கண்முன்னே விழுந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்று நானும் பயந்துபோனேன். இன்னும் தூக்கினால் இன்னும் குறைந்துவிடுவேன் என்று மனதார நம்பினேன்.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன். "அளந்து பாத்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கோடையில் திருச்சிக்கு அந்த இன்னொரு பெண் மட்டும் போனாள், விடுதியிலும் சேர்ந்தாள். பின்னாளில் அவள் கழுத்தில் பதக்கத்தோடு நிற்கும் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது, அவளைவிட நான் நன்றாகத் தூக்குவேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யாரும் இல்லை.

நிறுத்திய பிறகாவது வளர்ந்தேனா என்றால் அதுவும் இல்லை. கமலா அத்தையைவிட இரண்டு விரல் கூடுதல், அவ்வளவே. "அப்ப நிப்பாட்டுனதாலதான் இவ்வளவாவது வளந்தா" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் தெரிந்தது

சில வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தங்கள் உயரத்தை அளந்து எழுதிவரச் சொன்னேன். விடுதிப் பெண்கள் இருவர் ஆளுக்கு இரண்டு அளவு எழுதியிருந்தார்கள். "ஒழுங்கா அளக்கத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டேன்.

"இல்ல மிஸ், இது காலைல எந்திரிச்சதும் அளந்தது. இது சாயங்காலம் வெளையாடிட்டு வந்து அளந்தது. தெனமும் இப்படித்தான் மிஸ் வருது."

அன்றே எங்கள் பள்ளிக்கு வந்துபோகும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிறதல்லவா, நாள் முழுக்க நின்று நடந்து ஓடியதில் அது அமுங்கும், படுத்துத் தூங்கினால் மறுபடி ஊறிவிடும், எல்லா மனிதருக்கும் அப்படித்தான் என்றார்.

நான் ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். காலை, இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா. மாலை, முதல் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த அப்பா. அந்த மாதத்தில் நான் வளர்ந்துதான் இருந்தேன். மாலைநேரம் அதை விழுங்கிவிட்டுக் கூடவே கொஞ்சம் எடுத்துக்கொண்டது. அப்பாவுக்கு இரண்டு முறையும் ஒரே ஷிப்டாக இருந்திருந்தால் நான் திருச்சிக்குப் போயிருப்பேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அவர் அரியலூரில் தனியாக இருக்கிறார். மகளைக் காப்பாற்றினோம் என்ற ஒரு பெருமையோடு இருக்கிறார். அதை உடைத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? வாயை மூடிக்கொண்டேன். என் மகள் வராமலிருந்தால் கடைசிவரை மூடிக்கொண்டே இருந்திருப்பேன்.

பேத்தி

என் மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. பெரம்பலூரில் ஒரு பெண் பயிற்சியாளர் சிறுபிள்ளைகளுக்கு எடைப் பயிற்சி கொடுக்கிறார் என்று தோழியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து துடைப்பக்கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் திரிந்தாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. முட்டியை உள்ளே விடாமல் உட்கார்ந்து எழுந்தாள்.

பொங்கல் விடுமுறையில் தாத்தா வீட்டுக்குப் போனவள் இரண்டே நாளில் போன் செய்தாள்.

"அம்மா, அந்த கிளாஸ்ல என்னைய சேக்க வேணாம்."

"ஏன்டி?"

"தாத்தா உன்னைய அளந்தே பாத்தாராமே? நீ கொறைஞ்சு போயிட்டியாமே?"

அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் எத்தனையோ வாக்கியங்களைத் தயார் செய்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் இவ்வளவுதான் சொன்னேன்.

"அப்பா, இவளையும் அளந்து பாருங்க. நாளைக்குக் காலைல எந்திரிச்சதும் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நடுவுல ஒரு சொம்பு தண்ணிகூட இவ தூக்க வேணாம்."

"ஒரு நாள்ல என்ன தெரியப்போவுது?" என்றார். ஆனால் அளப்பதென்றால் அவருக்குக் கை பரபரக்கும். காலையில் ஒரு கோடு போட்டார். யாழினி நாளெல்லாம் தெருப்பிள்ளைகளோடு ஓடியாடிவிட்டு வந்தாள். சாயங்காலம் இன்னொரு கோடு.

"ஐய, நான் எதையுமே தூக்கலியே! எப்படி தாத்தா கொறைஞ்சேன்?"

அப்பா குமிழியைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பென்சில் அதே கோட்டில்தான் விழுந்தது. டாக்டரம்மா சொன்னதை நான் மெதுவாகச் சொன்னேன். அவர் ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துவிட்டார்.

மறுநாள் காலை யாழினியும் நானும் எழுந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மொதக் கோடு நைட் ஷிப்ட் வாரம்" என்றார். "ரெண்டாவது ஃபர்ஸ்ட் ஷிப்ட்."

"ஆமாப்பா."

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்பா."

அவர் தலையாட்டினார். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனார். அப்பா பேத்தியை அருகில் இழுத்து, "நீ போ கண்ணு. போய் சேந்துக்க" என்றார். அவள் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

"அப்ப நீ எவ்ளோ தூக்குன?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

"முப்பது கிலோப்பா."

"முப்பதா?" ஐம்பது கிலோ மூட்டைகளோடு ஆயுளைக் கழித்த மனிதர் அவர். "தோளு வரைக்குமா?"

"தலைக்கு மேல."

"தலைக்கு மேலயா!" அவர் என் கைகளைப் பார்த்தார். சாக்பீஸ் பிடித்த, வெங்காயம் நறுக்கிய, நாற்பதைத் தாண்டிய கைகள். "நான் ஒரு தடவகூட வந்து பாக்கலியே செல்வி."

திடீரென்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்களில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அந்தக் கோச்சுப் பொண்ணுகிட்ட பாப்பாவோட நீயும் சேந்துக்கயேன். இப்பவும் அந்தத் திருச்சி ஹாஸ்டலுக்கு ஆள் எடுப்பாங்கல்ல?"

"அது சின்னப் புள்ளைங்களுக்குப்பா" என்றேன்.